எண்ணா, எழுத்தா? – தரவுத்தளத்தின் சல்லடையில் நேரும் ஒரு வழு

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தில், அரிப்புக் கரையிலும் கொண்டச்சிக் குடாவிலும் கூடிய வணிகர், சிப்பியினின்றும் எடுத்த முத்துக்களைத் தரம் பிரிப்பதற்குப் பத்துப் பித்தளைச் சல்லடைகளை வைத்திருந்தனர். முதற் சல்லடையில் 20 துளைகள். அடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என ஏறி, இறுதிச் சல்லடையில் 1000 துளைகள். துளைகளின் தொகை கூடக்கூடத் துளையின் விட்டம் குறையும். எந்தச் சல்லடையில் ஒரு முத்துத் தங்கியதோ அந்தச் சல்லடையே அதன் பருமனைக் கூறிவிடும். ஆயின் சல்லடை அறிவது பருமன் ஒன்றையே. எடையை அறிவதற்குக் கழஞ்சும் மஞ்சாடியும் வேண்டியிருந்தன. ஒளியையும் உருட்சியையும் மதிப்பதற்கு அனுபவமுள்ள கண் வேண்டியிருந்தது. பருமனுக்குரிய கருவியைக் கொண்டு எடையை அளக்க எவரும் முயன்றிலர்.

இக்காலத்தில் நாமும் சல்லடைகளைக் கையாளுகின்றோம். அவை பித்தளையால் ஆனவை அல்ல. கணினியின் தரவுத்தளத்திற்கு நாம் இடும் கட்டளைகளே அவை. ஆயிரக்கணக்கான பெயர்களுள் வேண்டியவரை மாத்திரம் பிரித்துத் தருமாறு அவற்றைப் பணிக்கின்றோம். அவையும் கண் இமைப்பதற்குள் பிரித்துத் தருகின்றன. ஆனால் பருமனுக்குரிய சல்லடையில் எடையை அளக்கும் தவறு அங்கே நாள்தோறும் நிகழ்கின்றது. நிகழ்ந்தது தெரியாமலே போகின்றது. அத்தவறு எவ்வாறு நேர்கின்றது, அதனால் யாருக்கு இழப்பு, அதனைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை நம் பழைய மாணவரும் இந்நாள் மாணவரும் விளங்கும்படி கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனை எழுதத் தூண்டியது நம் சங்கத்திலே நிகழ்ந்த ஒரு பிழை. அதனையும் மறையாது கூறுவோம்.

சல்லடையும் கட்டளையும்

தரவுத்தளம் என்பது வரிகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளின் தொகுதி என ஒருவாறு கூறலாம். நம் கல்லூரியின் சேர்விடாப்பை நினைத்துக்கொள்க. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு வரி. சேர்விலக்கம், பெயர், பிறந்த தேதி, ஊர் என்பவற்றிற்கு ஒவ்வொரு நிரல். இவ்வமைப்பிற்குக் கணித முறையான அடிப்படையை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கொட் என்னும் அறிஞர். அவரது புகழ்பெற்ற கட்டுரை 1970ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1974ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் அவ்வட்டவணைகளிடம் வினாத் தொடுப்பதற்குரிய ஒரு மொழியை வெளியிட்டனர். அதுவே இன்று எஸ்.கியூ.எல். என வழங்குகின்றது.

அம்மொழியில் வடிகட்டும் வேலையைச் செய்வது ‘வெயார்’ என்னும் உறுப்பாகும். ‘எவருடைய சேர்விலக்கம் 500 வரை உள்ளதோ அவரைத் தருக’ என்று நாம் தமிழிற் கூறுவதை அது தன் மொழியிற் கூறும். கணினி ஒவ்வொரு வரியையும் எடுத்து, அந்நிபந்தனை உண்மையா எனக் கேட்கும். உண்மையாயின் அவ்வரி பட்டியலில் ஏறும், அன்றேல் விடப்படும். இதிலே மயங்குவதற்கு யாதுண்டு என வாசகர் வினவலாம். மயக்கம் ‘500 வரை’ என்ற சொல்லிலேயே உள்ளது.

தரவினம் என்பது யாது?

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுதல் நம் மரபு. கணினியும் அவ்விரண்டையும் வேறு வேறாகவே போற்றுகின்றது. ஒரு நிரலில் இடப்படுவது எண்ணா, எழுத்துத் தொடரா, தேதியா என்று முன்னரே அதற்குச் சொல்லவேண்டும். இவ்வகைப்பாட்டையே தரவினம் என்பர். எண்ணாகச் சேமித்த 57, ஐம்பத்தேழு என்ற தொகையைக் குறிக்கும். எழுத்துத் தொடராகச் சேமித்த 57, ஐந்து என்னும் குறியையும் ஏழு என்னும் குறியையும் அடுத்தடுத்து எழுதிய ஒரு சொல்லேயன்றி வேறன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். திரையிலும் தாளிலும் வேறுபாடு காண இயலாது.

வேறுபாடு ஒப்பிடும்போதே வெளிப்படும். எண்களைக் கணினி தொகையால் ஒப்பிடும். 57 என்பது 500இலும் சிறிது. எழுத்துத் தொடர்களை அகராதி முறையால் ஒப்பிடும். அகராதியில் ‘கடல்’ முன்னும் ‘மடு’ பின்னும் வருவது எதனால்? முதலெழுத்தினால். சொல்லின் நீளம் அங்கே முதலிற் கணக்கில்லை. அவ்வாறே ‘57’, ‘500’ என்னும் இரு தொடர்களிலும் முதற்குறி 5, அவை சமம். இரண்டாம் குறிகள் 7உம் 0உம். 7 பெரிது, ஆதலின் ‘57’ என்பது ‘500’ என்பதற்குப் பின் வரும். அகராதியின் நோக்கில் ஐம்பத்தேழு ஐந்நூற்றிலும் பெரிதாகிவிடுகின்றது.

இவ்விதியைக் கொண்டு ஒரு சிறு பரிசோதனை செய்து பார்க்கலாம். சேர்விலக்கங்கள் எழுத்துத் தொடராக உள்ள இடாப்பில், ‘1000’ என்பதற்கு முற்பட்டோரைக் கேட்போம். 999 பேர் வருவர் என எதிர்பார்ப்போம். வருவோர் மூவரே: 1, 10, 100 என்னும் இலக்கங்களுக்குரியோர். ஏனையோர் எவரும் அகராதி முறையில் ‘1000’ என்பதற்கு முன் நிற்கமாட்டார். வாசகர் தாளிற் குறித்துப் பார்த்துத் தெளிக. இத்தகைய விடை வெளிப்படையாகவே தவறாதலின் எவரும் ஏமாறார். பெருந்தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அஞ்சவேண்டுவது சிறு தவறையே.

விடுபட்ட ஐம்பத்து மூவர்

நம் விழாவை ஒட்டி, கல்லூரியின் முதல் ஐந்நூறு மாணவருள் இன்று நம்மிடையே உள்ளவர்களை அழைத்துக் கௌரவிப்பதெனச் சங்கம் தீர்மானித்தது. பழைய சேர்விடாப்புகளைப் பார்த்துப் பெயர்களைக் கணினியில் ஏற்றும் பணியை நம்மிற் சிலர் மேற்கொண்டோம். கறையான் தின்ற ஓரங்களும் மங்கிய மையும் கொண்ட அவ்விடாப்புகளைப் படிப்பதே பெரும் பாடாயிற்று. ஆதலின் பெயர்களைச் சரிபார்ப்பதிலேயே நம் கவனமெல்லாம் சென்றது. இலக்கங்களைப் பற்றி நாம் ஐயுறவில்லை.

அவ்விடாப்பில் ஓரிடத்தில் 47 என்னும் இலக்கத்தின் கீழ் ‘47அ’ என ஒரு மாணவனின் பெயர் இடைச்செருகப்பட்டிருந்தது. எழுதாமல் விட்ட ஒருவரை அக்காலத்து ஆசிரியர் பின்னர் சேர்த்திருக்கின்றார். கையால் எழுதும் ஏட்டில் இஃது அழகிய தீர்வு. கணினியோ ‘அ’ என்னும் எழுத்தைக் கண்டவுடன், ‘இந்நிரல் எண் நிரல் அன்று’ என முடிவு செய்து, முழு நிரலையும் எழுத்துத் தொடராக ஏற்றுக்கொண்டது. அதனை நாம் கவனித்திலேம்.

பின்னர் இரு நிபந்தனைகள் இட்டு வடிகட்டினோம்: சேர்விலக்கம் 500 வரை, வயது அறுபதிற்கு மேல். முதல் நிபந்தனை அகராதி முறையில் இயங்கியதால், 1000இற்கு மேற்பட்ட இலக்கமுடைய பலரும் உள்ளே வந்தனர். இரண்டாம் நிபந்தனை அவர்களுட் பெரும்பாலோரை இளையோர் என வெளியேற்றிவிட்டது. எஞ்சிய பட்டியல் பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. தொகை சற்றுக் குறைவாகத் தோன்றியபோது, ‘காலஞ்சென்றவர்கள் பலர் அல்லவா’ என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

விடுபட்டோர் யாவர் என இப்போது கணக்கிட்டுக் கூறலாம். 6 முதல் 9 வரையுள்ள நால்வர். 51 முதல் 99 வரையுள்ள நாற்பத்தொன்பதின்மர். ஆக 53 இலக்கங்கள். 100 முதல் 500 வரையுள்ள இலக்கங்களுள் ஒன்றேனும் விடுபடவில்லை. இதனை வாசகர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இவ்வழு இடாப்பின் எல்லாப் பக்கங்களையும் ஒரே தன்மையாகத் தாக்கவில்லை. இலக்கம் சிறிதாக உள்ளவர்களையே, அதாவது கல்லூரியின் கதவு திறந்த நாட்களில் அடியெடுத்து வைத்த மூத்தவர்களையே, அது தேடிப்பிடித்து விலக்கியது. எவரை அழைக்கவென்று சல்லடையை எடுத்தோமோ அவர்களையே சல்லடை சிந்திவிட்டது.

இதனை நாமாகக் கண்டுபிடிக்கவில்லை. அழைப்பிதழ்கள் சென்ற சில நாட்களின் பின் முருங்கன் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் நம்மை நாடி வந்தார். சினந்து பேசினாரல்லர். “என்னையும் செத்த ஆக்களின்ரை கணக்கிலை சேர்த்துப்போட்டியளோ, தம்பி?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த இன்னொருவருக்கும் அழைப்பு வரவில்லை என்றார். இருவர் இலக்கங்களும் ஐம்பதுகளில் இருந்தன. அன்றிரவே பட்டியலை இடாப்புடன் வரிவரியாக ஒப்பிட்டு, விடுபட்டவர்களுள் உயிருடன் உள்ளோரின் வீடுகளுக்கு நேரிற் சென்று அழைத்தோம். ஒருவர் வீட்டிற்கு நாம் சென்றபோது, அவர் முந்தின மாதத்திலேதான் காலமானதாக அறிந்தோம். விடுபட்டவர் பட்டியலில் இல்லை; ஆதலின் பட்டியலை எத்தனை முறை பார்த்தாலும் அவரைக் காண இயலாது. இதுவே இவ்வழுவின் கொடுமை.

அடையாள அட்டை இலக்கம்

சேர்விலக்கத்திற்கு நேர்ந்த கதி நம் நாட்டில் அனைவர் கையிலும் உள்ள தேசிய அடையாள அட்டையின் இலக்கத்திற்கு இன்னும் எளிதாக நேரும். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் வழி அமைந்த இத்திட்டத்தில், 1972ஆம் ஆண்டு தொடக்கம் அட்டைகள் வழங்கப்பட்டன. பழைய இலக்கம் ஒன்பது குறிகளும் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்னும் ஆங்கில எழுத்தும் கொண்டது. முதலிரு குறிகள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாம் நாளிற் பிறந்தவர் என்பது. பெண்களாயின் அந்நாளுடன் 500 கூட்டப்படும். பின்னைய மூன்று வரிசை இலக்கம், இறுதிக்குறி சரிபார்ப்புக்குரியது. 2016ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டு குறிகள் கொண்ட புதிய இலக்கம் வந்தது. அதிலே ஆண்டு நான்கு குறிகளாக எழுதப்படும்; வரிசை இலக்கம் நான்கு குறியாகும்; இறுதி எழுத்து இல்லை.

இப்போது ஒரே நிரலில் இரு வகை இலக்கங்களும் கலந்து கிடக்கின்றன. முதலிரு குறிகளைப் பிறந்த ஆண்டெனக் கொண்டு வடிகட்டும் பழைய கட்டளை ஒன்றை எண்ணுக. 1998ஆம் ஆண்டிற் பிறந்து புதிய அட்டை பெற்ற இளைஞரின் இலக்கம் 19 எனத் தொடங்கும். அக்கட்டளை அவரை 1919இற் பிறந்த முதியவர் எனக் கொள்ளும். 2001இற் பிறந்த நங்கை 20 எனத் தொடங்குவதால் 1920இற்குரியவராவார். முதியோருக்குரிய பட்டியலில் வாலிபர் நிறைந்திருப்பர்.

இனி மறுபக்கம். இடப்பெயர்வினாலோ வேறு காரணத்தாலோ பழைய அட்டையை இழந்து புதியதைப் பெற்ற ஒருவருக்கு இரு வடிவ இலக்கங்கள் உள. ஒரு பட்டியலில் பழையதும் மற்றொன்றில் புதியதும் எழுதப்படின், ‘சமமா’ எனக் கேட்கும் கட்டளைக்கு அவர் இரு மனிதராவார். பழைய இலக்கத்தைப் புதிய வடிவிற்கு மாற்றும் முறை எளிதே: முன்னே 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று குறிகளின் பின் ஒரு சுழியை இட்டு, இறுதி எழுத்தை நீக்குக. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரு வடிவத்திற்குக் கொணராவிடின் பயனில்லை.

இன்னும் நுட்பமான ஒரு வழு இதனுள் உண்டு. அட்டையின் நாட்கணக்கு எல்லா ஆண்டுகளையும் 366 நாட்கள் உடையனவாகவே கொள்கின்றது. ஆதலின் மார்ச் முதலாந் தேதி எப்போதும் 61ஆம் நாள். கணினியின் நாட்காட்டியோ 1957 போன்ற சாதாரண ஆண்டில் 61ஆம் நாளை மார்ச் 2 எனக் கூறும். அட்டை இலக்கத்தைக் கணினிக் கணக்கால் தேதியாக மாற்றி, ‘இன்று பிறந்தநாள் காண்போர்’ என வடிகட்டினால், மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்தோருட் பலருக்கு வாழ்த்து ஒரு நாள் பிந்தியே செல்லும்.

மௌனமாக மாற்றும் மென்பொருள்கள்

எண்ணையும் எழுத்துத் தொடரையும் ஒப்பிடுமாறு கேட்டால் மென்பொருள் யாது செய்யும்? இதில் அவை ஒரு தன்மையன அல்ல. போஸ்ட்கிரே எஸ்.கியூ.எல். என்பது, 2008இல் வெளிவந்த அதன் 8.3ஆம் பதிப்பு முதலாக, இத்தகைய ஒப்பீட்டைப் பெரும்பாலும் மறுத்துப் பிழை அறிவிக்கும். கண்டிப்பான ஆசிரியரைப் போன்றது அது. அப்போதைக்கு எரிச்சலூட்டும், பின்னர் நன்றியுடன் நினைக்கப்படும்.

மை எஸ்.கியூ.எல். இணக்கமானது. எழுத்துத் தொடரின் தொடக்கத்தில் உள்ள எண்ணை மாத்திரம் எடுத்துக்கொண்டு, பின்னுள்ளதைத் தள்ளிவிட்டு ஒப்பிடும். தொடக்கத்தில் எண்ணே இல்லாவிடின் அத்தொடரைச் சுழி எனக் கொள்ளும். இதனால், ஊர் என்னும் எழுத்து நிரலை 0 என்னும் எண்ணுடன் ஒப்பிட்டால், பேசாலையும் சுழி, தலைமன்னாரும் சுழி, விடத்தல்தீவும் சுழி. எல்லா ஊரவரும் பட்டியலில் வந்து நிற்பர். எச்சரிக்கை ஒன்றை அது எழுதிவைக்கும் என்பது மெய். அதனை வாசிப்போர் அரியர்.

கைத்தொலைபேசிகளிலும் நிறைந்துள்ள எஸ்.கியூ.லைட் வேறொரு வழி செல்வது. எண் நிரல் எனக் கூறிய இடத்திலும் ‘47அ’ போன்ற எழுத்துத் தொடரை அது ஏற்று, உள்ளபடியே வைத்துக்கொள்ளும். ஆனால் ஒப்பிடும்போது எந்த எழுத்துத் தொடரும் எந்த எண்ணிலும் பெரிது என்பது அதன் விதி. ஆகவே அங்கே ‘500 வரை’ எனக் கேட்டால் 57ஆம் இலக்கத்தவர் தப்புவர். 47அ இலக்கத்தவர் விடுபடுவர். கண்டிப்பாக நடக்குமாறு அதனைப் பணிக்கும் வசதி 2021 நவம்பரில் வெளிவந்த 3.37ஆம் பதிப்பிலேயே சேர்ந்தது.

விரிதாள்களின் குறும்பு வேறு. மன்னார்த் தொலைபேசி இலக்கங்கள் 023 எனத் தொடங்குவன. விரிதாள் அதனை எண்ணென்று கருதினால் முன்னுள்ள சுழியைப் பயனற்றதென நீக்கிவிடும். பின்னர் ‘023 எனத் தொடங்குவோர்’ என வடிகட்டினால் மன்னாரில் எவருமில்லை என்ற விடையே கிடைக்கும். பன்னிரண்டு குறி அடையாள இலக்கத்தையோ, நிரல் ஒடுங்கியிருந்தால், பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். அவ்வுருவில் அதனை வேறொரு கோப்பிற் சேமித்தால் இறுதிக் குறிகள் அழிந்தே போகும்.

வெற்றிடம் பேசும் மொழி

இடாப்பில் சில கட்டங்கள் வெறுமையாக உள்ளன. ஊர் தெரியாது, இலக்கம் தெரியாது. தரவுத்தளம் இவ்வெறுமையைச் சுழியாகவோ வெற்றுச் சொல்லாகவோ கொள்ளாமல், ‘நல்’ எனத் தனியே குறிக்கின்றது. இதனுடன் எதனை ஒப்பிட்டாலும் விடை உண்மையும் அன்று, பொய்யும் அன்று, ‘அறியோம்’ என்பதே. வெயார் உறுப்போ உண்மை என்ற விடை உள்ள வரிகளை மாத்திரமே தரும்.

விழா அழைப்புகளை நேரிற் கொடுக்கவேண்டியோர், தபாலில் அனுப்பவேண்டியோர் என இரு பட்டியல்கள் வேண்டுமெனக் கொள்வோம். மாவட்டம் மன்னார் என ஒரு முறையும், மாவட்டம் மன்னார் அன்று என மறுமுறையும் வடிகட்டுகின்றோம். இரண்டும் சேர்ந்தால் எல்லோரும் அடங்கிவிடுவர் என்பது சாதாரண அறிவு. ஆனால் மாவட்டம் எழுதப்படாதவர் இரண்டிலும் இல்லை. மன்னாரிலும் இல்லை, மன்னாருக்கு வெளியிலும் இல்லை.

அவர்கள் யாவர்? போர்க்காலத்தில் தலைமன்னார், பேசாலைக் கரைகளிலிருந்து படகேறி இராமேசுவரம் சென்று, மண்டபம் முகாமிற் பதிந்து, அங்கிருந்து எங்கோ போனவர்கள். 1990ஆம் ஆண்டில் ஊரைவிட்டு அகற்றப்பட்டுப் புத்தளம் சென்ற முஸ்லிம் மக்களுள் நம்முடன் படித்தவர்கள். காடுகளினூடாக மடுவுக்கு ஓடி, பின் வன்னியெங்கும் அலைந்தவர்கள். முகவரி இல்லாமை அவர்களின் குற்றமன்று. நிலையான முகவரி உள்ளவனுக்கு வெற்றிடம் நேர்வதில்லை, அலைந்தவனுக்கே நேர்கின்றது. ஆதலின் வெற்றிடத்தைக் கவனியாத கட்டளை, அலைந்தவனை இரண்டாம் முறையும் ஊரைவிட்டு அகற்றுகின்றது. ‘வெறுமையாக உள்ளவரையும் தருக’ என்று மூன்றாவது வினா ஒன்றைத் தனியே கேட்டல் வேண்டும். இதனை நம் சங்கம் இப்போது வழக்கமாக்கியுள்ளது.

ஒரே சொல், இரு வடிவம்

தமிழில் எழுதுவோர்க்கு மற்றுமொரு இடர் உண்டு. நம் நாட்டிற் பல காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வந்தோம். அதில் திரையில் ‘மன்னார்’ எனத் தோன்றுவது, உள்ளே ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகவே சேமிக்கப்பட்டிருக்கும். யுனிகோட் முறையில் ‘மன்னார்’ எனக் கேட்கும் கட்டளைக்கு அது கிடையாது. யுனிகோடிலும், ‘கொண்டச்சி’ என்பதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் எழுதலாம். தோட்டவெளியின் ஓகாரமும் அத்தகையது. கண்ணுக்கு ஒன்றாயினும் உள்ளே வேறாதலின், சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் ஓர் ஊரவர் இரு பகுதியாகப் பிரிந்துபோவர்.

உலகத்தார் பட்ட பாடு

இத்தவறுகளுக்கு நாமே தனியுரிமை பூண்டவர் அல்லேம். 1996 ஜூன் 4ஆம் தேதி ஐரோப்பியரின் ஆரியான் 5 என்னும் ஏவுகணை, முதற் பயணத்திலே ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழுவெண்ணாக மாற்ற முனைந்தபோது அது கொள்ளாமற் போனதே காரணம். 32,767இற்கு மேற்பட்ட தொகை அக்கலத்தில் அடங்காது. சிறிய ஆரியான் 4இற்கு எழுதிய நிரலைப் பெரியதற்கும் அப்படியே பயன்படுத்தினர்.

மனித மரபணுக்களுள் ‘மார்ச் 1’, ‘செப்ட் 2’ என்னும் வகையிற் குறியீட்டுப் பெயர் கொண்டவை இருந்தன. எக்செல் விரிதாள் அவற்றைத் தேதிகளாக மாற்றிவிட்டது. விரிதாளில் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழைகள் இருந்தமையை 2016ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் காட்டினர். முடிவில் 2020ஆம் ஆண்டில் மரபணுப் பெயர்க் குழுவினர் தம் பெயர்களையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. கருவி மாறாதபோது மனிதர் மாறவேண்டியதாயிற்று.

செய்யவேண்டுவன

சங்கங்கள், கூட்டுறவுகள், கோயில் பரிபாலன சபைகள் முதலியவற்றிற் பட்டியல் தொகுக்கும் இளைஞர்க்கு நாம் பட்டுத் தெளிந்த சில நெறிகளைக் கூறுவோம்.

முதலாவது, எண்போலத் தோன்றுவதெல்லாம் எண்ணன்று. ஓர் இலக்கத்தைக் கூட்டவோ கழிக்கவோ சிறிது பெரிது காணவோ வேண்டியிருப்பின் அஃது எண். அடையாள அட்டை, தொலைபேசி, தபாற் குறி ஆகியவற்றைக் கூட்டுவார் இல்லை. அவை குறிகளால் எழுதிய பெயர்களே. அவற்றை எழுத்துத் தொடராகவே வைத்துக்கொள்க. சேர்விலக்கம் வரிசை காணப் பயன்படுவதாதலின் அதனை எண்ணாக வைத்து, ‘அ’ போன்ற பின்னொட்டை வேறொரு நிரலில் எழுதுக.

இரண்டாவது, நிரலின் தரவினத்தை மென்பொருளின் ஊகத்திற்கு விடாது நாமே கூறுக. இருவகைத் தரவுகளை ஒப்பிட நேர்ந்தால், எதனை எதுவாக மாற்றுகின்றோம் என்பதைக் கட்டளையிலேயே வெளிப்படையாக எழுதுக.

மூன்றாவது, எல்லையிலே சோதித்துப் பார்க்க. 9, 10, 99, 100 ஆகிய இலக்கங்கள் வரவேண்டிய இடத்தில் வருகின்றனவா எனப் பார்த்தாலே பாதி வழுக்கள் வெளிப்படும். நாம் இதனைச் செய்திருப்பின் 9ஆம் இலக்கத்தவரும் 99ஆம் இலக்கத்தவரும் அக்கணமே நம்மை எச்சரித்திருப்பர்.

நான்காவது, கூட்டிப் பார்க்க. நிபந்தனைக்கு உட்பட்டோர், உட்படாதோர், அறியப்படாதோர் ஆகிய மூன்று தொகையும் சேர்ந்து மொத்தத் தொகைக்குச் சமமாதல் வேண்டும். மூன்றாம் தொகையை மறப்பவர் மனிதரை மறப்பவர்.

ஆயினும் நான்காவது நெறி நம் பிழையைப் பிடித்திராது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 57ஆம் இலக்கத்தவரை உட்படாதோருட் சேர்த்துக் கணினி கணக்கைச் சரியாகவே முடித்திருக்கும். ஆகவே ஐந்தாவது நெறி ஒன்று உண்டு: பட்டியலை அச்சிட்டு, அக்காலத்தை அறிந்த ஒரு பெரியவரின் கையிற் கொடுத்து, ‘இதில் யாரைக் காணவில்லை?’ என்று கேட்க. ‘இதில் உள்ளவர் சரியா?’ என்று கேட்டல் போதாது. உள்ளவரைச் சரிபார்க்கக் கணினி போதும். இல்லாதவரை நினைவுகூர மனிதரே வேண்டும். முத்தைச் சல்லடையில் இட்ட வணிகரும் இறுதியில் உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்திற் பார்த்தே விலை கூறினர்.

நம் கல்லூரியின் பழைய இடாப்புகள் இப்பொழுது திருத்தமாகக் கணினியில் ஏறியுள்ளன. மூலப் பிரதிகளை அகற்றிவிடாது கண்ணாடி அலுமாரியிற் பாதுகாத்து வைத்துள்ளோம். 47அ என்னும் அவ்விடைச்செருகல் அங்கே ஊதா மையில் இன்றும் தெளிவாக உள்ளது. ஒரு மாணவன் விடுபட்டான் எனக் கண்டு, இருந்த சிறு இடைவெளியில் அவனுக்கும் ஓரிடம் தேடிக்கொடுத்த அவ்வாசிரியரின் கையெழுத்து அது. நம் கட்டளைகளும் அக்கையின் பரிவை உடையனவாக அமைதல் வேண்டும். விழாவிற்கு வர இயலாதோரும், அழைப்புச் சென்றடையாதோரும், எங்குளர் என அறியப்படாதோரும் இம்மலரைக் காண நேரின், தம் சேர்விலக்கத்தை ஒரு வரியில் எழுதி அனுப்புவாராக. அவர்களுக்குரிய வரி இடாப்பிற் காத்திருக்கின்றது.